தெஃப்ட் என்று நான் அடித்த கடிதம்

மேனேஜர் என்னை உள்ளே கூப்பிட்டு, 'தெஃப்ட்' என்பதைவிடக் கொஞ்சம் அழுத்தமான வார்த்தை இங்கிலீஷில் இருக்கிறதா என்று கேட்டார். மதியம் மூன்று மணி இருக்கும். நான் நோட்டுப் புத்தகத்தோடு மேசைக்கு எதிரில் நின்றிருந்தேன். யாரைப் பற்றிய கடிதம் என்பது எனக்குத் தெரியும். "அதுவே போதும் சார்" என்றேன். அவர் தலையசைத்துவிட்டு மேலே சொல்லிக்கொண்டே போனார். நான் எழுதிக்கொண்டேன்.

இதை எழுதும்போது, அந்த வார்த்தையே வேண்டாம் சார் என்று நான் சொன்னதாக ஞாபகத்தைத் திருத்திக்கொள்ள ஆசையாக இருக்கிறது. நான் அப்படிச் சொல்லவில்லை. சொன்னது 'அதுவே போதும்' என்றுதான்.

விருத்தாசலத்தில் ஒரு சின்ன பீங்கான் கம்பெனி அது. வீட்டு மீட்டர் பெட்டியில் இருக்குமே, வெள்ளையாக ஃபியூஸ் கட்டை, அதைத்தான் செய்தோம். நான் தினமும் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வருவேன். தபால் வழியில் பி.ஏ. இங்கிலீஷ் முடித்திருந்தேன். அதனால் ஆபீசில் இங்கிலீஷ் என்றால் நான்தான். ஆர்டர், பில், தலைமை ஆபீசுக்குப் போகும் அறிக்கை எல்லாம் என் கைவழியாகவே போகும். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

சூளையிலிருந்து வரும் கட்டைகளில் ஓரம் உடைந்தவை, கீறல் விட்டவை, வளைந்தவை எல்லாம் சூளைக்குப் பின்னால் ஒரு குவியலாகக் கிடக்கும். கம்பெனியை ஆரம்பித்த பழைய முதலாளி உள்ளூர்க்காரர். வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டு போங்கள், இடமாவது காலியாகும் என்று அவரே சொல்வார். அந்தப் பக்கத்துத் தெருக்களில் எங்கள் கட்டைகள் இல்லாத வீடு கிடையாது. தகரக் கூரை பறக்காமலிருக்க மேலே வைத்திருப்பார்கள். பூச்செடியைச் சுற்றி வரிசையாக நட்டிருப்பார்கள். பள்ளத்தில் கொட்டி நிரவியிருப்பார்கள். பிறகு அவருக்கு உடம்புக்கு முடியாமல் போய், கம்பெனியை வெளியூர்க்காரர்களுக்கு விற்றுவிட்டார். புது நிர்வாகம் வந்து நான்கு மாதம் கழித்து, அந்த உடைசலை அரைத்துப் பொடியாக்கி எதற்கோ பயன்படுத்துகிற ஒரு வியாபாரி கிடைத்தார். அன்றிலிருந்து குப்பை சரக்காகிவிட்டது. எந்தப் பொருளையும் எழுத்துமூல அனுமதியில்லாமல் வெளியே கொண்டுபோகக் கூடாது என்று ஒரு அறிவிப்பு அடித்து, கைரேகை வைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். இங்கிலீஷில்தான். தினமும் காலையில் நாற்பது பேர் அதன் முன்னால் நின்று விரலை வைத்துவிட்டு உள்ளே போனார்கள்.

கடிதம் யாருக்கு என்று சொல்கிறேன். கிளேஸ் பிரிவில் பதினாறு வருடமாக வேலை செய்கிற ஒரு அக்கா. கட்டைகளுக்குப் பளபளப்பு வர, பாலாடை போன்ற கரைசலில் முக்கி எடுத்து வரிசையாக அடுக்கும் வேலை. மணிக்கட்டு வரை இரண்டு கையும் எப்போதும் வெள்ளையாக இருக்கும். ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் வீடு. கணவர் திருப்பூரில் வேலை பார்த்தார். ஒரே பெண் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அந்தக் கம்பெனியில் என்னை அப்படிக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

ஐப்பசி மழையில் அவர் வீட்டு வாசலில் தண்ணீர் தேங்கிவிட்டது. சனிக்கிழமை சாயந்திரம் வேலை முடிந்ததும் குவியலிலிருந்து அரைச் சாக்கு உடைசலை அள்ளி, இடுப்பில் வைத்துக்கொண்டு முன் கேட் வழியாகவே வந்திருக்கிறார். வாட்ச்மேன் வேலைக்குப் புதிது. நிறுத்திக் கேட்டார். அக்கா சாக்கை இறக்கிக் காட்டினார். வாட்ச்மேன் உள்ளே கையை விடப்போனபோது, ஓரம் கிழிச்சிடும், பாத்து என்று அக்கா எச்சரித்திருக்கிறார். வாட்ச்மேன் போனில் ஒரு படம் எடுத்து மேனேஜருக்கு அனுப்பினார். வெளியே விடமுடியாது என்றதும் அக்கா சாக்கை அங்கேயே வைத்துவிட்டு, திங்கட்கிழமை கேட்டு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை அவருக்குக் கிடைத்தது நான் அடித்த கடிதம். தெஃப்ட் செய்தார், விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று ஒரு பத்தி. கீழே இரண்டு வரி. மேலே உள்ளதைப் படித்துப் புரிந்துகொண்டேன், ஒப்புக்கொள்கிறேன் என்று. அதற்குக் கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. ரொம்ப விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம், கடிதம் கிடைத்ததற்கு ஒரு கையெழுத்து என்று சொல்லி வாங்கிவிடுங்கள் என்றார் மேனேஜர்.

நான் கிளேஸ் தொட்டி இருக்கும் இடத்துக்குப் போனேன். அக்கா தாளைப் பார்த்தார்.

"என்னா பாப்பா எழுதியிருக்குது?"

"சனிக்கெழம சாக்கு எடுத்துட்டு வந்தீங்கல்ல, அதப் பத்திதான்க்கா. கெடச்சிச்சுன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க."

"அதான் வாட்ச்மேன்கிட்டயே வச்சிட்டு வந்துட்டனே" என்று சொல்லிக்கொண்டே கையைத் துணியில் துடைத்தார். தொட்டியின் விளிம்பில் தாளை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, தமிழில் கையெழுத்துப் போட்டார். தாளின் மூலையில் அவர் கட்டைவிரல் வெள்ளையாகப் பதிந்துவிட்டது. நான் நகலைக் கொடுத்துவிட்டு, அசலை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தேன். தொட்டியிலிருந்து ஆபீசுக்கு அறுபது எழுபது அடி தூரம் இருக்கும். அதற்குள் திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் காலை நான் கம்ப்யூட்டரைப் போடுவதற்குள் அக்கா ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து நின்றார். கையில் அந்த நகல். அவர் பெண் அதைப் படித்திருக்கிறாள். சந்தேகத்துக்குப் போனிலும் போட்டுத் தமிழில் பார்த்திருக்கிறாள்.

"மேடம், இதுல நான் திருடுனேன்னு எழுதியிருக்குதாம். அத நான் ஒத்துக்கிட்டேன்னும் எழுதியிருக்குதாம்."

அவர் வாயிலிருந்து மேடம் என்று வந்தது அதுதான் முதல் தடவை. நான் எழுந்து நின்றேன். சாரிடம் பேசுகிறேன் என்றேன்.

"பேசறது அப்பறம். நேத்து நான் கேட்டப்ப இதுல இருக்கறது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லுங்க."

"தெரியும்க்கா."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்குப் பதில் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும். தாளை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று அதே கடிதத்தில் இருந்ததால், கேட்டைத் தாண்டி வீட்டுக்குப் போனார்.

அன்று சாயந்திரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். பின்னால் இரண்டு கல்லூரிப் பெண்கள். ஒருத்தி இன்னொருத்தியின் ஹேர் கிளிப்பைப் போட்டிருந்தாள் போல. "இவ என் கிளிப்ப சுட்டுட்டாடி" என்று கிளிப்புக்குச் சொந்தக்காரி மூன்றாமவளிடம் போனில் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. சுட்டுட்டா, ஆட்டையப் போட்டுட்டா, லவட்டிட்டா, அமுக்கிட்டா. கேட்காமல் எடுப்பதற்கு நம்மிடம் எத்தனை சொல். பெரும்பாலும் சிரிப்போடு சொல்வது. எங்கள் மேனேஜரே வாரம் ஒருமுறை வெளியே வந்து, யார் என் சார்ஜரை லிஃப்ட் பண்ணியது என்று கேட்பார். யாரும் தலைகுனிந்ததில்லை. ஆனால் திருட்டு என்று ஒரு சொல் எழுத்தில் வந்துவிட்டால் அதற்குப் பிறகு சிரிப்பு கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து கல்லூரிக் காலத்து அகராதியை இறக்கினேன். சமைத்து முடித்து, சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்து வைத்துவிட்டு, ஒரு தாளில் எழுத ஆரம்பித்தேன். ஸ்டீல் என்றால் உடையவருக்குத் தெரியாமல் எடுப்பது. ராப் என்றால் ஆளை மிரட்டிப் பிடுங்குவது. பொருளை ஸ்டீல் செய்வார்கள், ஆளையோ வங்கியையோ ராப் செய்வார்கள். இதைப் பரீட்சையில் எழுதி நான் மார்க்கும் வாங்கியிருக்கிறேன். பர்க்ளரி வீடு புகுந்து செய்வது. பில்ஃபர் என்றால் கொஞ்சம் கொஞ்சமாக, சின்னச் சின்னதாகத் திருடுவது. எம்பெஸில், நம்பி ஒப்படைத்ததில் கைவைப்பது. பாரோ, திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தோடு வாங்குவது. சால்வேஜ், அழியப்போவதிலிருந்து மீட்டு எடுப்பது. ஹெல்ப் யுவர்செல்ஃப் என்று ஒரு தொடர். நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று உடையவரே சொல்வது.

ஒவ்வொரு வார்த்தைக்கும் பக்கத்தில் அந்தச் சாக்கை வைத்துப் பார்த்தேன். ஒளித்தாரா? இல்லை, இடுப்பில் வைத்து முன் கேட்டில் வந்தார். யாருக்காவது தெரியாமலிருந்ததா? பதினாறு வருடமாக ஊருக்கே தெரியும். கூடாது என்று தெரிந்தும் எடுத்தாரா? கூடாது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. தெஃப்ட் விழுந்தது. பில்ஃபரும் விழுந்தது. ஹெல்ப் யுவர்செல்ஃப் மட்டும்தான் நின்றது. பழைய முதலாளி தமிழில் சொன்னதற்குச் சரியான இங்கிலீஷ் அதுதான்.

தாளின் கடைசியில், நான் அக்காவிடம் வாங்கிய கையெழுத்துக்கு என்ன வார்த்தை என்று தேடினேன். அதற்கு அகராதியில் அதிகம் புரட்டவேண்டியிருக்கவில்லை. டிசீவ் என்ற சொல்லுக்குக் கீழே இருந்தது. வேண்டுமென்றே உண்மையல்லாததை நம்பவைத்து ஒருவரிடமிருந்து ஒன்றைப் பெறுவது.

என் கணவர் விதைக் கடையில் வேலை பார்க்கிறார். தாளை வாங்கிப் பார்த்தார். இரண்டு நாள் பொறு, தானாக ஆறிவிடும் என்றார். ஆறாது என்றேன். டைப் அடிப்பது மட்டும்தானே உன் வேலை என்று கேட்டார். அவர் என் நல்லதுக்குத்தான் சொன்னார். கையெழுத்து வாங்கியதும் நான்தான் என்று சொன்னதும் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். காலையில் பஸ் ஏறும்போது, பார்த்துப் பேசு என்று மட்டும் சொன்னார்.

மேனேஜரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் கெட்ட மனிதர் இல்லை. கிளேஸ் பிரிவில் வெக்கை தாங்காது என்று பெண்கள் சொன்னபோது, தலைமை ஆபீசோடு சண்டை போட்டு இரண்டு பெரிய ஃபேன் வாங்கிப் போட்டவர் அவர்தான். நான் தாளை நீட்டியதும் முழுக்கப் படித்தார். பிறகு நிமிர்ந்து, "நீங்கதானே மேடம் அதுவே போதும்னீங்க" என்றார்.

ஆமாம் சார், தப்பு என்றேன். மாற்றவேண்டும் என்றேன்.

தலைமை ஆபீஸ் கொடுத்த மாதிரிக் கடிதத்தில் அந்த வார்த்தைதான் இருந்தது, நானாகப் போடவில்லை என்றார். சற்று யோசித்து, 'அன்ஆதரைஸ்டு ரிமூவல்' என்று வேண்டுமானால் மாற்றலாம், அதற்கு மேல் தன்னால் முடியாது என்றார். அனுமதியின்றி அகற்றியது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அப்போதே அடித்து, அவரிடம் கையெழுத்து வாங்கி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஷேர் ஆட்டோ பிடித்து அக்கா வீட்டுக்குப் போனேன்.

வாசலில் தண்ணீர் அப்படியே நின்றிருந்தது. மேலே ஒரு பலகை போட்டிருந்தார்கள். உள்ளே கதவுக்குப் பின்னால் ஆணியில் ஐந்தாறு சாவிகள் தொங்கின. அக்கம்பக்கத்துக்காரர்கள் வேலைக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போவது. கேஸ் சிலிண்டர் வந்தால் அக்கா வீட்டில் யாராவது திறந்து வாங்கி வைப்பார்கள்.

அக்கா கடிதத்தைத் தமிழில் சொல்லச் சொன்னார். இந்தத் தடவை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அனுமதி இல்லாமன்னா? அனுமதி குடுத்தாங்களே. பதினாறு வருஷமா குடுத்தாங்க. இனிமே கெடயாதுன்னா, கெடயாதுன்னு எங்கிட்ட சொல்லணுமா வேணாமா?"

அறிவிப்பு ஒட்டியிருந்தது என்று மெதுவாகச் சொன்னேன்.

"யாரு ஒட்டுனது?"

"நான்தான்க்கா."

"எந்த பாஷையில?"

அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு அம்மா சாவி வாங்க வந்தார். என்ன இந்த நேரத்தில் வீட்டில் இருக்கிறாய் என்று கேட்டார். ரெண்டு நாளு லீவு என்று சொல்லிச் சாவியை எடுத்துக் கொடுத்தார் அக்கா. அந்த அம்மா என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

"இவங்க காதுக்கு அந்த வார்த்த வர்றதுக்குள்ள அது கடுதாசியிலேருந்து போவணும்" என்றார் அக்கா. "அதுக்குப் பதிலா வேற ஒண்ணு வேணாம். எடுத்தேன்னு எழுதட்டும். எடுத்தது நெசம். மத்தது எதுவும் நெசமில்ல."

நான் வேறு மாதிரி எழுதிப் பார்க்கட்டுமா என்று ஆரம்பித்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். "நீங்க எழுதுனதெல்லாம் போதும் மேடம். நடந்தத போய்ச் சொல்லுங்க."

திரும்பும்போது ஆட்டோ ஏறவில்லை. ரயில்வே கேட் வரை நடந்தேன். சேலம் பக்கம் போகும் ஒரு கூட்ஸ் வண்டி போய் முடியும்வரை நின்றேன். அது நீளமான வண்டி. கடைசிப் பெட்டி போவதற்குள் முடிவெடுத்துவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் முடிவெடுக்க அன்றிரவு முழுக்கவும் மறுநாளும் ஆயிற்று. வேலை போய்விடும் என்கிற பயம் கடைசிவரை போகவில்லை. பயத்தோடேயே செய்துவிடலாம் என்று தோன்றியபோது மனசு கொஞ்சம் இறுகியது.

பத்து நாள் கழித்து மேனேஜர் அறையில் விசாரணை நடந்தது. விசாரிக்க வெளியிலிருந்து ஒரு வக்கீல் வந்திருந்தார், வயதானவர். அக்காவோடு துணைக்குச் சூளைப் பிரிவு அண்ணன் ஒருவர். ஓரமாக வாட்ச்மேன். பேசுவதையெல்லாம் பதிவு செய்து அடிக்க வேண்டியது நான். வக்கீல் கடிதத்தைப் படித்துவிட்டு, ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்று அக்காவிடம் கேட்டார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, இங்கிலீஷ் படிக்கத் தெரியாமல் போட்டேன் என்றார்.

நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன். எழுந்து நின்று, இதில் நானும் சாட்சி சொல்லவேண்டும் என்றேன்.

"நீங்க பதிவு பண்ண வந்தவங்க மேடம்" என்றார் வக்கீல்.

"என் பேச்சையும் பதிவு பண்ணணும் சார்."

மேனேஜர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, சொல்லுங்க என்றார்.

சொன்னேன். அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று அக்கா என்னிடம் கேட்டார், நான் மறைத்தேன், மறைத்துத்தான் கையெழுத்து வாங்கினேன் என்றேன். அறிவிப்பு இங்கிலீஷில் மட்டும்தான் இருந்தது, அதை அடித்தவளும் ஒட்டியவளும் நான்தான் என்றேன். பிறகு, மாதாமாதம் தலைமை ஆபீசுக்குப் போகும் சரக்குப் பட்டியலை நான்தான் அடிப்பேன், புது வியாபாரி வரும்வரை அந்த உடைசல் எந்தப் பட்டியலிலும் இருந்ததில்லை என்றேன். பழைய பட்டியல்களைக் கையோடு எடுத்து வந்திருந்தேன். மேசைமேல் வைத்தேன்.

"தமிழ்லயும் ஒட்டணும்னு அப்ப உங்களுக்குத் தோணலையா?" என்று கேட்டார் வக்கீல்.

"தோணுச்சு சார். யாரும் சொல்லல. நானும் சும்மா இருந்துட்டேன்."

அவர் அதை அப்படியே தன் கைப்பட எழுதிக்கொண்டார். பிறகு வாட்ச்மேனைக் கேட்டார். வாட்ச்மேன் பயந்துகொண்டே, சாக்கின் வாய் கட்டாமல் திறந்துதான் இருந்தது, ஓரம் கிழிச்சிடும் என்று அந்த அம்மாதான் தன்னை எச்சரித்தார் என்று சொன்னார். சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்து லேசாகத் தலைகுனிந்தார்.

கடைசியில், உங்களுக்கு என்ன வேண்டும் என்று அக்காவைக் கேட்டார் வக்கீல்.

"அந்தத் தாளு இருக்கக் கூடாதுங்க. இனிமே எனக்கு என்னா எழுதுனாலும் தமிழ்ல எழுதிக் குடுக்கட்டும். நானே படிச்சிக்கறேன். யாரும் எனக்குப் படிச்சிச் சொல்ல வேணாம்."

இரண்டு வாரம் ஆயிற்று. பழைய கடிதத்தைத் திரும்பப் பெறுவது என்று முடிவாகித் தலைமை ஆபீசிலிருந்து தகவல் வந்தது. புதுக் கடிதத்தை மேனேஜர் இங்கிலீஷில் சொன்னார். நான் தமிழில் எழுதினேன். சூளைக்குப் பின்னால் கிடந்த உடைசலை, முன்பிருந்த வழக்கப்படி எடுத்தார் என்று ஒரு வரி. அதில் தகராறில்லை. அடுத்த வரியில் வந்தது. வழக்கம் மாறியதை அவர் அறிந்திருக்கவில்லை என்று போடச் சொன்னார். அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை என்று நான் போட்டேன்.

இரண்டும் ஒன்றுதானே என்றார். ஒன்றில்லை சார் என்றேன். அறியவில்லை என்றால் அறியாதது அவர் குறை. தெரிவிக்கவில்லை என்றால் தெரிவிக்காதது நம் குறை. மேனேஜர் வேறு வேலையைப் பார்க்க ஆரம்பித்தார். நான் போகவில்லை. சார்ஜ் இல்லாமல் போன் அணைந்துபோய், அவர் சார்ஜரைத் தேடி எழுந்தபோதும் அங்கேயே நின்றேன். இந்த ஒரு சொல்லுக்காகவா இப்படி நிற்கிறீர்கள் என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன். சாயந்திரம் நாலரை மணி வாக்கில் தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். தெரிவிக்கப்படவில்லை என்றே இருந்தது.

அக்கா மறுநாள் வேலைக்கு வந்தார். மேனேஜரே தொட்டி இருக்கும் இடத்துக்கு வந்து கடிதத்தைக் கொடுத்தார். அக்கா அதை இரண்டு முறை படித்தார், உதடு அசைய அசைய. பிறகு, பழைய தாளின் அசலைக் கேட்டார். அது ரத்தாகிவிட்டது, இனி அதற்கு மதிப்பில்லை என்றார் மேனேஜர். இருந்தாலும் வேண்டும் என்று நின்றார். நான் போய் எடுத்து வந்தேன். அக்கா என் பேனாவை வாங்கி, தான் போட்ட கையெழுத்தின்மேல் ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். அடித்து முடித்துத் தாளை மேனேஜரிடமே நீட்டினார். "உங்ககிட்டயே இருக்கட்டும் சார். ஃபைல்ல வைங்க." அவர் வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

அந்த மாதக் கடைசியில் என்னை ஆபீசிலிருந்து சரக்கு அனுப்பும் கொட்டகைக்கு மாற்றினார்கள். மேனேஜர் கடிதங்களை அடிக்க வேறொரு பெண் வந்தாள். கொட்டகையில் ஃபேன் கிடையாது, பெட்டிகளுக்கு நடுவில் ஒரு மேசை. முதல் வாரம் அழுகை வந்தது. பிறகு பழகிவிட்டது. அறிவிப்புகள் மட்டும் தமிழிலும் ஒட்டவேண்டும் என்று ஆனது. அவற்றை எழுதித் தர என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

அக்கா இன்னமும் என்னை மேடம் என்றுதான் சொல்கிறார். ஆனால், வங்கியிலிருந்தோ, கம்பெனியிலிருந்தோ, ஆஸ்பத்திரியிலிருந்தோ யாருக்காவது இங்கிலீஷில் ஒரு தாள் வந்தால், அவர்களை அவரே கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு வருவார். நான் படித்துச் சொல்லும்போது பக்கத்தில் நிற்பார். எங்காவது நான் வேகமாகப் போனால் நிறுத்துவார். போன வாரம் சூளைப் பிரிவு அண்ணனுக்கு இன்சூரன்ஸ் தாள் ஒன்று வந்திருந்தது. மூன்றாவது பத்தியில் அக்கா கையை நீட்டித் தாளின்மேல் விரலை வைத்தார்.

"அந்த வரிய இன்னொரு தடவ படிங்க மேடம்."

படித்தேன்.